வண்ணக்கர்: ஒரு தொழிற்பெயர் கடந்து வந்த வழி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஞாயிறு எழும் திசையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில், வயலும் காடுமாக விரிந்து செல்லும் நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்நீர்ப்பரப்பைக் கடப்பதற்குப் பன்னெடுங்காலம் தோணியும் பாதையுமே துணையாயிருந்தன. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் அங்கே பாதை மறைந்தது. பாலத்தைக் கடந்து படுவான்கரையுட் சிறிது தூரம் சென்றால் கொக்கட்டிச்சோலை என்னும் ஊரும், அங்கே கோயில்கொண்ட தான்தோன்றீச்சரரின் திருக்கோயிலும் காணப்படும். போர்த்துக்கீசர் காலத்தில் இக்கோயிலின் கல் நந்தி புல்லுண்டு எழுந்தது என்னும் கதையை இப்பகுதியிலே சிறுபிள்ளைகளும் அறிவர்.

அக்கோயிலின் திருவிழாக் காலத்தில், கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் முடியும்வரை, அடியார் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் வண்ணக்கர் என்பது. வண்ணக்கரைக் கேட்டுச் செய்யவேண்டும், வண்ணக்கர் வரட்டும், வண்ணக்கர் சொன்னால் முடிந்தது என்று பேசிக்கொள்வார்கள். கொக்கட்டிச்சோலையில் மட்டுமன்று, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூரிலும், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பேர்பெற்ற திருக்கோவிலிலும், வாவியைச் சூழ்ந்த பல சிற்றூர்க் கோயில்களிலும் இச்சொல் வழங்குகிறது. கோயிலின் பொருளுக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பாக நின்று, ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட தலைவரே வண்ணக்கர். யாழ்ப்பாணத்தில் மணியகாரர் என்றோ முகாமையாளர் என்றோ, தமிழ்நாட்டில் தர்மகர்த்தா என்றோ சொல்லக்கூடிய இடத்தில் மட்டக்களப்பார் இச்சொல்லை வைத்திருக்கின்றனர்.

இச்சொல்லுக்குப் பொருள் யாது? வண்ணம் என்றால் நிறம். கோயிலை வண்ணமுற அழகுபடுத்துபவர் ஆதலால் வண்ணக்கர் ஆனார் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க இனிமையான விளக்கம்தான். ஆயினும் உண்மை அதனினும் சுவையானது. வண்ணக்கன் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு தொழிற்பெயர். பொன்னையும் நாணயத்தையும் சோதித்து, இது நல்லது, இது தீயது என்று தரம் சொல்பவனுக்கு அக்காலத் தமிழர் இட்ட பெயர் அது. காசு பார்ப்பவனுடைய பெயர் கோயில் காப்பவருக்கு எப்படி வந்தது?

தொழிலாற் பெயர் பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கமே. இத்தாலி நாட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் குடும்பப் பெயர்களுள் ஒன்று பெராரி. அதன் பொருள் கொல்லன் என்பதே. இரும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஊருக்கு ஓர் உலைக்களம் இருந்த காலத்தில், அந்த ஊரிலே யோவான் என்ற பெயருடையோர் பத்துப்பேர் இருந்தால், உலைக்களத்து யோவான் என்று ஒருவனைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாவரைப்போன் வழியினர் மொலினாரி, தையற்காரன் வழியினர் சார்த்தோரி, நாவிதன் வழியினர் பார்பியேரி என்று ஆயினர். 1563இல் நிறைவுற்ற திரெந்துப் பொதுச்சங்கம், திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குக் கோயில்தோறும் ஏட்டிற் பதிய வேண்டும் என்று விதித்தது. ஏட்டில் ஏறிய பெயர் அதன்பின் அசையவில்லை. தந்தையின் தொழிலை மகன் விட்டுவிட்டாலும் பெயர் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது. மாவரைக்காத மொலினாரிகளும் ஊசி பிடிக்காத சார்த்தோரிகளும் இவ்வாறே தோன்றினர். 1898இல் மொடெனா நகரிற் பிறந்து, பின்னர் பந்தய மோட்டார் வண்டிகளால் உலகப் புகழ் பெற்ற என்சோ பெராரியின் தந்தை ஓர் உலோகப் பட்டறை நடத்தியவர் என்பது வேடிக்கையான பொருத்தம். பெயர் எப்போதோ விட்டுவந்த தொழிலை அக்குடும்பம் மீண்டும் பற்றிக்கொண்டது போலும்!

தமிழகத்தில் இவ்வழக்கம் இத்தாலிக்கு ஆயிரம் ஆண்டுகளேனும் முற்பட்டது. சங்கப் புலவர் பெயர்களை ஒருமுறை படித்தவர்க்கு இது தெளிவாகும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். இவ்வடைமொழிகள் வெறும் அணி அல்ல. ஆளைப் பிரித்துக் காட்ட வந்தவை. இதற்கு மிக நல்ல சான்று புறநானூற்றில் அடுத்தடுத்தாற்போல் அமைந்து கிடக்கிறது. குதிரைமலைத் தலைவனாகிய பிட்டங்கொற்றனைப் புகழும் பாடல்கள் அந்நூலில் ஒரு தொகுதியாக உள்ளன. அவற்றுள் 170ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தாமோதரனார். 172ஆம் பாட்டைப் பாடியவர் பெயரும் தாமோதரனாரே. இருவரும் ஒருவரல்லர். முன்னவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். பின்னவர் வடமவண்ணக்கன் தாமோதரனார். ஒரே தலைவனைப் பாடிய ஒரே பெயருடைய இரு புலவரை இன்று வேறுபடுத்தி அறியத் துணைசெய்வது அவர்தம் தொழிற்பெயர் ஒன்றே. ஒருவர் நாடி பார்த்தார்; மற்றவர் நாணயம் பார்த்தார்.

வண்ணக்கர் புலவர் இவரோடு முடியவில்லை. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியவர். வண்ணக்கன் சோருமருங்குமரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்போர் பாடல்கள் நற்றிணையில் உள்ளன. வடமவண்ணக்கன் என்றால் வடதிசையிலிருந்து வந்த வண்ணக்கன் என்று பொருள் கொள்வர். பொன்னைத் தேய்த்துப் பார்க்கும் கண்ணுடையோர் சொல்லையும் தேய்த்துப் பார்த்தனர் என்று இதனைப் பற்றி நயம் பேசலாம். அதற்கு அப்பால், அக்காலத்து நகரங்களில் இத்தொழிலோர் கல்வியும் மதிப்பும் உடையராய் இருந்தனர் என்பதே இப்பெயர்களால் உறுதியாக அறியக் கிடப்பது.

அவர்களுக்கு வேலையும் குறைவில்லாது இருந்தது. அக்காலம் யவனர் கப்பல்கள் மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் பொன்னைச் சுமந்து வந்த காலம். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்சு நாணயங்களை இந்தியா விழுங்குகிறதே என்று உரோம அறிஞர் மூத்த பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் முறையிட்டு எழுதிவைத்தார். அகஸ்தஸ், திபேரியஸ் முதலிய பேரரசர் தலை பொறித்த காசுகள் கொங்கு நாட்டிலும் பிற இடங்களிலும் புதையல்களாக வெளிப்பட்டுள்ளன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ஒரு புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு காணப்பட்டது. தேய்ந்து எடை குறைந்த காசுகளை மீண்டும் காசாகச் செல்லாதவாறு வெட்டி, பொன்னாக மட்டும் மதித்தனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவ்வாறாயின், எது செல்லும், எது செல்லாது என்று முடிவு சொன்ன கை ஒன்று இருந்திருக்க வேண்டும் அன்றோ? உரோமப் பேரரசிலே அச்சிடப்பட்ட காசு தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வண்ணக்கன் முன்னே தலைகுனிந்து நின்றது.

அவன் சோதித்த முறை எளிது, கைவரப்பெறுவதுதான் அரிது. பொன்னைக் கரிய கட்டளைக்கல்லில் ஒருமுறை உரைப்பான். அதன் அருகிலே தரம் முன்னரே அறியப்பட்ட பொன்னால் ஆன ஊசியை உரைப்பான். இரண்டு கீற்றுகளின் நிறத்தையும் ஒப்பு நோக்கி மாற்று இத்தனை என்பான். செம்பு கலந்தால் கீற்றுச் சிவக்கும். வெள்ளி கலந்தால் வெளிறும். ஆகவே அவன் பார்த்தது வண்ணத்தையே. வடமொழி அர்த்தசாத்திரமும் பொன்னின் தரத்தை வண்ணத்தின் பெயராலேயே அளக்கிறது; பதினாறு வண்ணம் உடையது தூய பொன் என்பது அந்நூலின் கணக்கு. தமிழர் பத்தரை மாற்று என்பது வேறொரு கணக்கு. வண்ணம் பார்ப்பவன் வண்ணக்கன். சொற்பிறப்பு இத்துணை எளிமையானது. காசாயின் சுண்டி ஓசை கேட்பதும், எடை பார்ப்பதும், ஓரம் சுரண்டப்பட்டதா என்று விரலால் தடவுவதும் உடன் நடந்தன.

இங்கே மட்டக்களப்புக்கு உரிய ஒரு செய்தியை இடைமறித்துச் சொல்ல வேண்டும். வாவியின் தென்பால் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், பழந்தமிழ் இசையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947இல் அரங்கேறிய சிறிது காலத்தில் அவர் மறைந்தார். அதற்குப் பின்னர், கொங்கு நாட்டில் ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலைக்குகையிலே, மிகப் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த இசைக் கல்வெட்டொன்று அறிஞர் கவனத்துக்கு வந்தது. தகரத்தை முதலாகக் கொண்ட தாள எழுத்துகள் வரிசை வரிசையாகக் கட்டமிட்டாற்போல் பொறிக்கப்பட்டு, நேரே படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும் அமைப்புடையது அது. அவ்வெழுத்துகளைத் தொகுத்தமைத்தவன் பெயரும் அங்கே வெட்டப்பட்டுள்ளது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிகளை ஆராயும் வண்ணக்கன் என்று இதற்குப் பொருள் கூறுவர். மணித்தொழில் சிறந்த கொடுமணல் அந்தக் கொங்கு நாட்டிலேயே இருப்பதும் நோக்கத்தக்கது. விபுலானந்தர் வாழ்நாளெல்லாம் தேடிய பொருளைப் பற்றிய கல்வெட்டொன்றில், அவர் பிறந்த மண்ணின் கோயில்களில் நாள்தோறும் ஒலிக்கும் சொல் எழுதப்பட்டிருந்தது. அதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இனி, காசிலிருந்து கோயிலுக்கு வரும் வழியைக் காணலாம். பொன்னும் மணியும் வந்து குவியும் இடமாகக் கோயில் ஆனபோது, தரம் பார்ப்பவனின் வேலை கடைத்தெருவிலிருந்து கோயில் முற்றத்துக்குப் பெயர்ந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், வழங்கப்பட்ட பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்த கணக்கை வரி வரியாகக் கூறுகின்றன. அரசன் கொடுத்ததாயினும் நிறுத்தே வாங்கினர்.

அதனினும் சுவையானது உத்தரமேரூர்ச் செய்தி. முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவ்வூர்ச் சபையார் ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் வைத்ததுபோலப் பொன்னுக்கும் ஒரு வாரியம் வைத்திருந்தனர். ஊராருக்குப் பொன் பார்த்துக் கொடுப்போரை எவ்வாறு தெரிந்தெடுப்பது, அவர்கள் எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கும் விதி செய்தனர். உரைகல்லில் ஒட்டிய பொன்துகளைக்கூட மெழுகில் ஒற்றி எடுத்து ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும். பொன்னை உரைப்பவன் கைக்கு ஒரு துகளும் செல்லலாகாது என்பது கருத்து. தரம் பார்ப்பவனையே தரம் பார்க்கும் ஏற்பாடு என்று இதனைச் சொல்லலாம். ஓர் ஊரின் ஏரி, பொன்துகளால் தூர்வாரப்பட்டது என்று நினைக்கவும் மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இந்த இடத்திலே தொழிலின் பொருள் மெல்ல மாறுகிறது. கல்லும் ஊசியும் எவரும் வாங்கலாம். பொய் சொல்லாத வாய் எளிதிற் கிடைப்பதன்று. வண்ணக்கனிடம் ஊரார் எதிர்பார்த்தது கண்ணின் கூர்மையோடு மனத்தின் நேர்மையும் ஆகும். நாணயம் என்ற தமிழ்ச் சொல்லும் இதே வழியிலேதான் நடந்திருக்கிறது. காசுக்கும் நாணயம் என்கிறோம். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்கிறோம். நாணயம் பார்த்தவன் நாணயம் உடையவனாக இருக்க வேண்டியதாயிற்று. கோயிலுக்கு வரும் காணிக்கையைப் பார்த்து, ஏற்று, எண்ணி, காத்து, கணக்குச் சொல்லும் ஒருவருக்கு அப்பெயர் நின்றதில் வியப்பில்லை. முதலில் கோயிற் பொன்னைத் தரம் பார்த்தவர், பின் கோயிற் பொருளுக்குப் பொறுப்பானவர், பின் கோயிலுக்கே பொறுப்பானவர் என்று படிப்படியாக இம்மாற்றம் நிகழ்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

தமிழ்நாட்டிலோ இச்சொல் பேச்சு வழக்கை விட்டு மறைந்தது. காசு பார்ப்பவன் அங்கே நோட்டக்காரன் ஆனான். அரபு மொழிச் சொல்லின் வழியே சராப்பு ஆனான். வெனிசு நகரத்துத் தங்கக் காசு தென்னிந்தியாவிற் புழங்கிய காலத்தில் அதனை உரைத்துப் பார்த்தவர்கள் இவர்களே. அக்காசில் கொடிக்கம்பத்தைப் பற்றி முழந்தாளிட்டிருக்கும் வெனிசுத் தலைவனின் உருவத்தைப் பனையேறுபவன் என்று கருதி, அதற்கேற்ற பெயரையே மக்கள் அக்காசுக்கு இட்டு வழங்கினர். வண்ணக்கன் என்ற பெயர் புலவர் பெயர்களின் முன்னே ஏட்டில் மட்டும் தங்கிற்று. உரைகாரர் அதற்கு நாணய சோதகன் என்று பொருள் எழுதவேண்டிய நிலை வந்தது. ஈழத்தின் கீழ்க்கரையிலோ வண்ணக்கர் என்றால் எவருக்கும் உரை வேண்டியதில்லை. காசுத் தொழில் மட்டும் அங்கே நினைவில் இல்லை. தமிழ்நாட்டார் பொருளை நினைவு வைத்துச் சொல்லை இழந்தனர்; மட்டக்களப்பார் சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மறந்தனர்.

மட்டக்களப்பில் இது நிலைத்ததற்குக் காரணம் அந்நாட்டின் குடிமுறை. அங்கே ஒருவருக்குக் குடி தாய்வழி வருவது. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி, கச்சிலா குடி என்று குடிகள் பல. தாயின் குடியே பிள்ளையின் குடி; ஒரே குடிக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மருமகன் அவ்வீட்டிலே வந்து வாழ்வான். இத்தாலியில் பெராரி என்ற பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. இங்கே வண்ணக்கர் என்ற பெயர் அவ்வழியாகச் செல்வதற்கு இடமே இல்லை. வண்ணக்கர் பதவி குடிக்கு உரியது. இன்ன கோயிலில் இன்ன குடிகளுக்கு அவ்வுரிமை என்பது மரபாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. குடியிலுள்ளோர் கூடித் தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுப்பர். உரிமை தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது உடன்பிறந்தாள் மகனுக்கு, இறங்கும் போக்குடையது.

வண்ணக்கரின் பணி பெரிது. திருவிழாவுக்கு நாள் குறிப்பது தொடங்கி, எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்பதைக் காப்பது, முன்னீடு எனப்படும் கோயில் மரியாதையை வரிசை பிறழாமல் வழங்கச் செய்வது, வயலும் நகையும் உண்டியலும் ஆகிய பொருளைப் பேணுவது, கணக்குப்பிள்ளை எழுதிய கணக்கை ஏற்பது என்று அது விரியும். முன்னீடு என்பதை எளிதாக எண்ணிவிடலாகாது. முதலில் யார் பெயர் அழைக்கப்படுகிறது, இரண்டாவதாக யார் என்பதில் ஒரு குடியின் மானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவ்வரிசை பிழைத்ததென்று எழுந்த பிணக்குகள் நீதிமன்றப் படியேறியதும் உண்டு. பொன்னுக்கு மாற்றுச் சொன்னவர் வழியில் வந்த பெயரை உடையவர், இப்போது குடிகளின் மாற்றைச் சொல்லவேண்டியவராகிறார். ஒருவகையில் அது கட்டளைக்கல்லில் உரைப்பதினும் கடினமான தொழில். பொன் திரும்பி வாதாடுவதில்லை.

குடிமுறைக்குச் சட்டத்தின் துணை நீண்டநாள் நிற்கவில்லை. தாய்வழிச் சொத்துரிமையை வகுத்த முக்குவச் சட்டத்தை ஆராய்ந்து கிறிஸ்தோப்பர் பிரிட்டோ என்பார் 1876இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே 1876ஆம் ஆண்டிலே வெளிவந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொத்துரிமைக்குப் பொதுவிதி செய்தது. தாய்வழிச் சொத்துரிமை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. நூல் வந்த ஆண்டிலேயே நூற்பொருள் பழங்கதை ஆயிற்று. நிலமும் தோட்டமும் புதிய விதிக்கு உட்பட்டன. ஆயின் கோயிலுக்குள் அச்சட்டம் வண்ணக்கர் வரிசையைக் கலைக்கவில்லை. குடி இன்றும் அங்கே ஓர் உயிருள்ள கணக்கு.

இவ்வழக்கம் சைவக் கோயிலோடு நிற்கவில்லை என்பதே வாவிக் கரையின் சிறப்பு. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உள்ளன. கோயிலுக்கு வண்ணக்கர்போல, பள்ளிவாசலில் குடிக்கு ஒருவராக நின்று பொறுப்பேற்பவர் மரைக்கார். மரைக்கார் என்பதும் தொழிற்பெயரே. மரக்கலராயர் என்பதன் திரிபென்று சிலரும், கப்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று வேறு சிலரும் கூறுவர். இரண்டு வழியும் சென்று சேரும் துறை ஒன்றே: மரக்கலம். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையை நடத்திப் போர்த்துக்கீசரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்கார்கள் அப்பெயரை வரலாற்றில் பொறித்தவர்கள். கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியும் மரைக்காயரே. கப்பல் வணிகம் அவர் செல்வத்தின் ஊற்று. ஆழ்கடலை மறந்து நெல்வயலின் நடுவே வாழும் ஊரிலும் பள்ளிவாசற் பொறுப்பாளர் பெயர் கப்பலுடையவர் என்றே இருக்கிறது. கோயிலிலே காசு பார்ப்பவர், பள்ளிவாசலிலே கலம் விடுபவர்; இருவரும் இன்று செய்யும் வேலை ஒன்று. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்துக்குப் பின் பள்ளிவாசற் பொறுப்பாளர் நியமனம் அரசாங்கப் பதிவுக்கு உட்பட்டது. ஆயினும் குடி மரைக்கார் என்னும் சொல் மறையவில்லை.

இதே சொல் இலங்கையின் தென்மேற்கில் வேறுவிதமாக நடந்தது. காலியிலும் கொழும்பிலும் மரிக்கார், மாக்கார் என்பன தந்தைவழிக் குடும்பப் பெயர்களாயின. நகை வணிகத்தாற் புகழ்பெற்ற மாக்கான் மாக்கார் குடும்பத்தைச் சேர்ந்த சேர் முகம்மது மாக்கான் மாக்கார், 1931இல் அமைந்த அரசாங்க சபைக்கு மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியினின்று தெரிவானவர். கப்பற்காரர் என்று பொருள்படும் குடும்பப் பெயருடையவர் பொன்னும் மணியும் விற்றார்; அவரைத் தெரிவு செய்த மக்களிடையே பொன் பார்ப்பவர் என்ற பெயர் கோயிற் பதவியாகவும், கப்பற்காரர் என்ற பெயர் பள்ளிவாசற் பதவியாகவும் விளங்கின. பெயர்கள் இவ்வாறு ஒன்றையொன்று கடந்து செல்வதைத் தேர்தல் நாளில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பணிக்கன் என்பது மூன்றாவது சொல். யானையைப் பிடித்துப் பழக்குபவன் என்பது இலங்கையில் அதன் பொருள். தோற்கயிற்றுச் சுருக்கோடு காட்டுக்குட் புகுந்து, யானையின் பின்காலில் அதை மாட்டி, மரத்தோடு பிணித்துவிடும் துணிவுடைய பணிக்கர்களுக்கு ஏறாவூர் பேர்பெற்ற ஊர். கேரளத்திலோ பணிக்கர் படைக்கலம் பயிற்றிய ஆசான். அங்கே அது குடும்பப் பெயராகி, வரலாற்றறிஞர் கே. எம். பணிக்கர் வரை வந்தது. மட்டக்களப்பில் அதுவே பணிக்கனா குடி என்று ஒரு குடியின் பெயராயிற்று. ஆண்மைத் தொழிலின் பெயர். அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருவோர் பெண்கள்.

காசு பார்க்கும் தொழில் பின்னர் என்னவாயிற்று என்பதையும் சுருங்கச் சொல்லலாம். வராகனும் பணமும் இலாரினும் இறைசாலும் கலந்து புழங்கிய காலம் போய், 1872 சனவரி முதலாந் திகதி தொடக்கம் இலங்கையில் ரூபாயும் சதமும் ஒரே ஒழுங்காக வந்தன. அச்சிட்ட அரசே காசுக்குப் பிணை நின்றபடியால் கட்டளைக்கல் பொற்கொல்லர் பட்டறையோடு நின்றது. கச்சேரியிற் பணம் எண்ணி வாங்குபவருக்குச் சிறாப்பர் என்று பெயர் வந்தது. நோட்டக்காரனைச் சராப்பு ஆக்கிய அதே அரபுச் சொல்தான் அது. மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது வாவியோரத்து ஒல்லாந்தர் கோட்டையினுள்ளே. கோட்டைக்குள்ளே சிறாப்பரும், வாவிக்கு அப்பால் கோயிலில் வண்ணக்கருமாக, ஒரே பழந்தொழிலின் இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒரு காலத்தில் அருகருகே வாழ்ந்தன.

இன்று ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில் தந்தையின் பெயர் எழுத இடம் இருக்கிறது. தாய்வழிக் குடியின் பெயரை எழுத இடம் இல்லை. கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வளரும் மட்டக்களப்புப் பிள்ளைகள் தங்கள் குடிப்பெயரை அறிய வேண்டுமானால் அம்மம்மாவைத்தான் கேட்கவேண்டும். கோயிலில் முன்னீட்டின்போது குடியின் பெயரைக் கூறி அழைக்கும் குரல் ஒன்றே அதற்கு எஞ்சியுள்ள பொதுப் பதிவேடு. அந்தப் பதிவேடு பிழையின்றி வாசிக்கப்படுவதற்கும் வண்ணக்கரே பொறுப்பு.

ஒரு வண்ணக்கர் காலமானால் அவருடைய மகன் அந்த இடத்துக்கு வருவதில்லை. மகன் தாயின் குடியைச் சேர்ந்தவன். இடத்துக்கு உரியோர் வண்ணக்கருடைய உடன்பிறந்தாளின் வீட்டில் இருக்கின்றனர். அம்மகனுக்கும் ஒருநாள் அப்பெயர் வரக்கூடும். ஆனால் அது அவன் தந்தை வகித்த இடமாக இராது. தாயின் குடிக்கு அக்கோயிலிலோ வேறொரு கோயிலிலோ வண்ணக்கர் உரிமை இருந்து, அக்குடியார் கூடி அவனைத் தெரிந்தால், தன் மாமன் இருந்த இடத்திலே அவன் அமர்வான்.